மணைப்பலகை

மதுரை திருநகரில் 2003-ல் ஒரு வீட்டுக்குச் சமையலறை செய்து கொடுத்தேன். கறுப்பு கிரானைட் மேடை, லேமினேட் ஒட்டிய கதவுகள், சுவரோடு சுவராக மேல் அலமாரி. அதுவரை என் பட்டறையிலிருந்து போன வேலைகளில் அதுதான் பெரியது. மூன்று மாதம் கழித்து, ஒரு கதவின் கீல் தளர்ந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். காலை ஏழரைக்குப் போனேன். அந்த வீட்டு அம்மா அடுப்புக்கு முன்னால் ஒரு மணைப்பலகையைப் போட்டு, அதன்மேல் நின்று குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். சிங்குக்குப் போக இறங்கினார். திரும்பி வந்தபோது கண் அடுப்பிலேயே இருந்தது. கால் தானாகத் துழாவி ஏறியது. நான் கீலை மாற்றி முடிப்பதற்குள் 17 முறை ஏறி இறங்கிவிட்டார்.

“எதுக்கும்மா பலகை?” என்றேன்.

“அடுப்பு கொஞ்சம் எட்டலை தம்பி. இருக்கட்டும், பழகிருச்சு.”

குறையாகச் சொல்லவில்லை. காப்பி கொடுத்தார். கதவெல்லாம் நன்றாக இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு பசுமலை தாண்டி வரும்வரை அந்தப் பலகைதான் கண்ணில் நின்றது.

அந்த மேடையின் உயரம் 34 அங்குலம். அந்த அம்மாவின் உயரம் 4 அடி 9 அங்குலம். சுவரை அளந்தேன், ஜன்னலை அளந்தேன், குழாய் வருகிற இடத்தை அளந்தேன், ஃபிரிட்ஜ் கதவு திறக்க எவ்வளவு இடம் வேண்டும் என்பதைக்கூட அளந்தேன். நிற்கப்போகிறவரை அளக்கவில்லை. சித்தப்பாவின் தச்சுப்பட்டறையில் தொழில் கற்ற காலத்தில், கொத்தனார்கள் மேடையை இரண்டரை அடியில் கட்டுவார்கள், கீழே கடப்பாக்கல் தட்டு அடுக்குவார்கள், கதவு மட்டும் எங்கள் வேலை. மாடுலர் கிச்சன் வந்தபோது கம்பெனிப் படப்புத்தகங்களும் கூடவே வந்தன. அதில் 34 என்று இருந்தது. கீழே மூன்று டிராயர் போட்டால் கணக்குச் சரியாக வரும். பிளைவுட்டும் வீணாகாது. வசதியான அளவுதான், ஆனால் வசதி எங்களுக்கு.

நறுக்கவும் பிசையவும் மேடை எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை முழங்கைதான் சொல்லும். தோளைத் தளர்த்தி, கையை மடக்கி நிற்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரைக்கும் அளந்து, அதில் 4 அங்குலம் கழிக்க வேண்டும். பிறகு ஒருநாள் போய் அந்த அம்மாவுக்கு அளந்தேன். முழங்கை 36-ல் இருந்தது. அப்படியானால் காய் நறுக்க 32 போதும். அடுப்புக்கு அதுவும் அதிகம். கேஸ் அடுப்பே 5 அங்குலம் இருக்கும். அதன்மேல் ஒரு இட்லிச் சட்டி ஏறினால் இன்னொரு 8. நான் வைத்த 34-ஓடு இதையெல்லாம் கூட்டினால் 47. அவர் தோள் அந்த உயரத்தில்தான் இருந்தது. கொதிக்கிற சட்டியின் வாய் தோளுக்கு நேராக இருந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆவி நேராக முகத்துக்கு வரும். கரண்டி பிடித்த கை காது வரைக்கும் ஏறி இறங்கும்.

சிங்க் இதற்கு நேர்மாறு. அங்கே கை வேலை செய்வது மேடையின் மட்டத்தில் இல்லை, 8 அங்குலப் பள்ளத்தில். அதனால் சிங்கின் விளிம்பு நறுக்குகிற இடத்தைவிட 2 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குனிந்தபடியே பாத்திரம் விளக்கி இடுப்பு போய்விடும்.

ஆக, ஒரே மேடையில் மூன்று உயரம். இதைச் சொன்னால் எந்தக் கொத்தனாருக்கும் பிடிக்காது. ஒரே மட்டம் என்றால் ரசமட்டத்தை ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுப் போகலாம். படி படியாக இறங்கினால் ஒவ்வொரு படிக்கும் கல் வெட்ட வேண்டும், இணைப்பு வைக்க வேண்டும். இணைப்பில் அழுக்குச் சேரும் என்பார்கள். அது உண்மைதான். அதற்காக நான் இப்போது அடுப்பு இருக்கும் பகுதியை மட்டும் தாழ்த்தி, இரண்டு பக்கமும் கிரானைட் துண்டை நிறுத்தி, இடுக்கில் எபாக்ஸி அடைத்துவிடுகிறேன். தாழ்த்துவது சரியாக அடுப்பின் உயரம், அதாவது 5 அங்குலம். அப்படிச் செய்தால் பர்னரின் மேல்கம்பியும் பக்கத்து மேடையும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். சாதம் வெந்த குக்கரைத் தூக்க வேண்டாம், பக்கவாட்டில் இழுத்தால் போதும். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, செய்து கொடுத்த பிறகு அவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

2008-ல் என் மனைவிக்கு ஒரு அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் நானும் இரண்டு பிள்ளைகளும். அதுவரை எத்தனையோ சமையலறைகள் செய்திருந்தேன், ஒருவேளைச் சமையல்கூடச் செய்ததில்லை. எங்கள் வீட்டுச் சமையலறையும் என் கையால் செய்ததுதான். அந்த ஆறு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதை அதற்கு முன் எந்தப் பட்டறையிலும் கற்கவில்லை.

எங்கள் வீட்டில் சோறு வடிப்பதுதான் வழக்கம். அடுப்பை ஒரு கோடியிலும் சிங்கை இன்னொரு கோடியிலும் வைத்திருந்தேன். படத்தில் பார்க்க இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும் என்று அப்படி வைத்தது. நடுவே ஏழடி. கொல்லைக் கதவுக்குப் போகிற வழியும் அதுதான். இரண்டாம் நாள் கொதிக்கிற கஞ்சியோடு பானையைக் கரித்துணியால் பிடித்துக்கொண்டு நடக்கும்போது, சின்னவன் பந்தை எடுக்கக் குறுக்கே ஓடினான். பானையை நான் விலக்கியதில் கஞ்சி என் பாதத்தில் கொட்டியது. அவன்மேல் கொட்டியிருந்தால் என்ற நினைப்பு இப்போதும் சில இரவுகளில் வரும். அன்றிலிருந்து அடுப்புக்கும் சிங்குக்கும் நடுவே மூன்று, நான்கடிக்கு மேல் விடுவதில்லை. அந்த இடைவெளி முழுவதும் மேடையாக இருக்கும், வழியாக இருக்காது. சிங்கை ஒட்டி, பானையைத் தட்டோடு சாய்த்துவைக்க ஒரு இடமும் விடுவேன். வீட்டுக்காரர்கள் “நாங்க குக்கர்தான்” என்றால்கூட விடுவேன். மாமியார் ஊரிலிருந்து வந்தால் வடிப்பார்.

அஞ்சறைப்பெட்டியை நான் வைத்திருந்த இடம், தலைக்கு மேலே உள்ள அலமாரி. கடுகு வெடிக்கத் தொடங்கினால் அடுத்த சாமானைப் போட நாலைந்து நொடிதான் இருக்கிறது. அதற்குள் கதவைத் திறந்து, எட்டி எடுத்து, ஈரக்கையால் மூடியைக் கழற்றி... வெந்தயம் கருகியது. மறுநாளும் கருகியது. இப்போது அடுப்புக்கு வலப்பக்கம் 4 அங்குல உயரத்தில் ஒரு சின்ன டிராயர் போடுகிறேன். அடுப்புக்கு நேர்கீழே கூடாது, சூட்டில் பொடியெல்லாம் மணம் இழந்துவிடும். இடக்கைக்காரர் வீடு என்றால் இடப்பக்கம்.

விரலை நறுக்கிக்கொண்டதும் அந்த ஆறு வாரத்தில்தான். விளக்கு கூரையின் நடுவில், எனக்குப் பின்னால் இருந்தது. என் நிழல் பலகைமேல் விழுந்தது. என் வீட்டில் எட்டு வருடமாக அந்த நிழலில்தான் அவள் காய் நறுக்கியிருக்கிறாள். மேல் அலமாரியின் அடியில், முன்பக்க ஓரமாக ஒரு குழல்விளக்கு போட்டால் தீர்ந்தது. செலவு மிகக் குறைவு. அவள் வீட்டுக்குத் திரும்பி வருவதற்குள் போட்டுவிட்டேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு தடவை அணைத்து அணைத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு, புதிதாக ஒரு வீட்டு வேலை வந்தால் டேப்பை எடுப்பதற்கு முன்னால் நான் கேட்பது ஒரு காலைப்பொழுதை. இப்போது நீங்கள் சமைக்கிற இடத்தில், வாசல்படியோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன், நீங்கள் பாட்டுக்குச் சமையுங்கள் என்பேன். சிலர் முடியாது என்பார்கள். அந்நிய ஆள் வந்து சமையலறையில் உட்காருவதாவது என்று தோன்றுவது இயல்புதான். அப்போது என் மனைவி போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவாள். அவள் பார்த்துவரும் விஷயங்களில் பாதி என் கண்ணில் பட்டிருக்காது.

கே.கே. நகரில் ஒரு வீடு. மாமியார் 4 அடி 10 அங்குலம், மருமகள் 5 அடி 6 அங்குலம். காலை ஆறிலிருந்து எட்டு வரைக்கும் இருவரும் ஒரே நேரத்தில் வேலை செய்வார்கள். மாமியார் காப்பி, தோசை. மருமகள் மூன்று பேருக்கு மதியச் சாப்பாடு கட்ட வேண்டும். அன்று எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த கட்டடக்கலை மாணவி ஒருத்தியும் கூட வந்தாள். அவள் நோட்டில் சமையலறையை வரைந்து, ஒவ்வொருவர் நடையையும் ஒரு நிறப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். எட்டு மணிக்குப் பார்த்தால் ஃபிரிட்ஜுக்கு முன்னால் கோடுகள் சிக்கிய நூல்கண்டு மாதிரி கிடந்தன. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் வழி அடைபடும். மாவு எடுக்க மாமியார் திறந்தால், மருமகள் கையில் சூடான பாத்திரத்தோடு நிற்க வேண்டும்.

அந்த மாணவிதான் திரும்பி வரும் வழியில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்துச் சமையலறையைப் பற்றிச் சொன்னாள். 1926-ல் மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர், தொழிலாளர் குடியிருப்புகளுக்காக வடிவமைத்தது. 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான் இடம். எந்த வேலைக்கு எவ்வளவு நடை, எவ்வளவு நேரம் என்று ஆராய்ந்து, கைக்கெட்டும் தூரத்தில் எல்லாவற்றையும் வைத்திருக்கிறார். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது அமைந்தது. அவருக்கும் அதற்கு முன் சமையல் தெரியாது, அவரே பின்னாளில் அதைச் சொல்லியிருக்கிறார் என்றாள். என்னைத் தேற்றத்தான் சொன்னாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அவருக்குச் சமையல் தெரியாது, ஆனால் அவர் அளந்து பார்த்தார்.

அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் முக்கோணமாக வைக்க வேண்டும், ஒவ்வொரு பக்கமும் நாலிலிருந்து ஒன்பதடிக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. நல்ல விதிதான், ஆனால் அது ஒரே ஆள் சமைக்கிற அடுப்படிக்கு. பிராங்பர்ட் சமையலறையிலும் ஒருவர்தான் நிற்க முடியும். நம் வீடுகளில் காலை நேரத்தில் இரண்டு பேர் நிற்பார்கள், பொங்கலன்று நான்கு பேர். நம் முக்கோணத்துக்கு வெளியே கிரைண்டர் இருக்கிறது, நல்ல தண்ணீர்க் குடம் இருக்கிறது, 25 கிலோ அரிசி மூட்டை இருக்கிறது. கே.கே. நகர் வீட்டில் ஃபிரிட்ஜைச் சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் நகர்த்தினோம், தண்ணீர் குடிக்க வருகிற பிள்ளைகள் உள்ளே வராமலே எடுத்துக்கொள்ளட்டும் என்று. எதிரெதிராக இரண்டு மேடை. மாமியாருக்கு 32, மருமகளுக்கு 37. நடுவே நாலடி. மூன்றடி விட்டால் ஒருவர் குனிந்தால் மற்றவர் முதுகில் இடிக்கும்.

கிரைண்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படப்புத்தகத்துச் சமையலறை எதிலும் கிரைண்டருக்கு இடம் இருக்காது. எங்கேயாவது கீழ்த்தட்டில் உள்ளே தள்ளிவைப்பார்கள். வாரத்துக்கு இரண்டு முறை, கல்லோடு சேர்ந்த அந்தக் கனத்தைக் குனிந்து தூக்கி மேடைமேல் வைத்து, அரைத்து, கழுவி, மறுபடி குனிந்து உள்ளே வைக்க வேண்டும். கே.கே. நகர் மாமியார் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “என் கிரைண்டரை மட்டும் ஒளிச்சு வச்சிராதீங்க தம்பி.” சிங்குக்கு அந்தப் பக்கம், கொல்லைக் கதவோரமாக, 18 அங்குல உயரத்தில் ஒரு திண்டு கட்டிக் கிரானைட் போட்டேன். தரையில் தண்ணீர் போக ஒரு ஜல்லடை, சுவரில் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் தனி சுவிட்ச். கிரைண்டர் எப்போதும் அங்கேயே இருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து மாவை வழித்து, அங்கேயே கல்லைக் கழுவிவிடலாம். அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்த காலத்தில் அவற்றுக்கென்று கொல்லைப்புறத்தில் ஒரு இடம் இருந்தது, யாரும் அவற்றைத் தூக்கிக்கொண்டு அலையவில்லை. காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் பின்கட்டில் ஆட்டுக்கல்லும் அம்மியும் வரிசையாகப் பதித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கல் மின்சாரத்தில் சுற்றத் தொடங்கியதும் அந்த இடத்தையே நாம் எடுத்துவிட்டோம்.

பொருளைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன், கடையில் ஆளாளுக்குச் சொல்வார்கள். ஒரு தவறை மட்டும் சொல்கிறேன். ஒரு வீட்டில் செலவைக் குறைக்கச் சொன்னார்கள் என்று சிங்குக்குக் கீழே பார்ட்டிகிள் போர்டு பெட்டி வைத்தேன். கிரானைட்டின் அடிப்பக்கம், முன்விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி ஒரு காடி வெட்ட வேண்டும், அதையும் மறந்துவிட்டேன். காடி இருந்தால் மேடையிலிருந்து வழிகிற தண்ணீர் அங்கே தடைபட்டுச் சொட்டிவிடும். இல்லாவிட்டால் கல்லின் அடியை ஒட்டிக்கொண்டே போய்ப் பெட்டிக்குள் இறங்கும். ஒரு மழைக்காலத்தில் பெட்டி ஊறி உப்பிவிட்டது. என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். இப்போது சிங்குக்குக் கீழே மரமே வைப்பதில்லை. செங்கல் கட்டின்மேல் கடப்பாக்கல், முன்னால் கதவு மட்டும். மற்ற பெட்டிகளுக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட். எல்லாம் 4 அங்குலக் கட்டின்மேல்தான் உட்காரும், வாளித் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவுகிற ஊர் நம்முடையது. அந்தக் கட்டையும் 3 அங்குலம் உள்ளே தள்ளிக் கட்டச் சொல்வேன். நிற்பவரின் கால்விரல் அதற்குள் போனால்தான் உடம்பு மேடையை ஒட்டி நிற்கும், முதுகு வளையாது.

வெள்ளை குவார்ட்ஸ் மேடை கேட்பவர்களிடம் மட்டும் வாதாடுவேன். தினமும் மஞ்சள் புழங்குகிற கை அது. துடைக்க இரண்டு மணி நேரம் தாமதித்தால் கறை தங்கிவிடும், அதற்குப் பயந்தே சமைக்க வேண்டியிருக்கும்.

சிலிண்டர் விஷயத்தில் யார் சொன்னாலும் இறங்கி வர மாட்டேன். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். இரும்பின் எடையும் ஏறக்குறைய அதே அளவு. முப்பது கிலோவைத் தினம் தூக்குகிறவர் டெலிவரி ஆள், ஆனால் அவர் இல்லாத நேரத்தில் தீர்ந்தால் மாற்றப்போவது வீட்டிலுள்ளவர்தான். அதனால் சிலிண்டர் அறையின் தரை சமையலறைத் தரையோடு ஒரே மட்டமாக இருக்கும், குறுக்கே படி வராது. இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். அலங்காரத்துக்காக இறுக்கமாகக் கதவு போட்டு மூடிவிட்டால் அது உள்ளேயே நிறைந்து கிடக்கும். கதவின் அடியில் துளை வேண்டும், சுவரின் அடியில் வெளியே போகிற துளையும் வேண்டும். ஒரு வீட்டில் புதுக் கதவின் அழகு கெடுகிறது என்று என் துளைகளை அடைத்துவிட்டார்கள். நான் பாக்கிப் பணத்தை வாங்கப் போகவில்லை. துளையைத் திறந்த பிறகு கூப்பிடுங்கள் என்றேன். ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள்.

பெரும்பாலும் முதல் பேச்சுக்கு வருவது வீட்டு ஆண்கள். நிறம், கதவின் பளபளப்பு, சிம்னியின் கம்பெனி, மொத்தச் செலவு. சமைக்கிறவர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். நான் பேச்சை நிறுத்திவிட்டு அவரிடம், “அக்கா, இப்ப இருக்கிற கிச்சன்ல உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டம்?” என்று கேட்பேன். முதலில் ஒன்றுமில்லை என்பார்கள். கொஞ்சம் பொறுத்தால் வரும். வெயில் காலத்தில் ஃபேன் போட்டால் அடுப்பு அணைகிறது. பரணிலிருந்து அண்டாவை இறக்க ஸ்டூல்மேல் ஏறினால் தலை சுற்றுகிறது. ஒருவர் சொன்னது இது: நாள் முழுக்கச் சுவரைப் பார்த்தே நிற்கிறேன், தெருவில் யார் போகிறார்கள் என்றுகூடத் தெரியாது. அந்த வீட்டில் கிழக்கு பார்த்துத்தான் சமைக்க வேண்டும் என்று வாஸ்து பார்த்திருந்தார்கள். அடுப்பைக் கிழக்கிலேயே விட்டுவிட்டு, நறுக்குகிற இடத்தைத் தெருப்பக்க ஜன்னலுக்குக் கீழே கொண்டுபோனேன். சமையலில் அதிக நேரம் நிற்பது அடுப்படியில் இல்லை, நறுக்குகிற இடத்தில்தான்.

திருநகர் அம்மா 2019-ல் மறுபடி கூப்பிட்டார். பதினாறு வருடத்தில் நானே இரண்டு முறை போய், மேடையைக் குறைத்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். “எதுக்குத் தம்பி உடைச்சுக்கிட்டு” என்று அனுப்பிவிட்டார். இப்போது முட்டி தேய்ந்துவிட்டது, பலகையில் ஏறி இறங்க முடியவில்லை.

நான்கு நாள் வேலை. அடுப்புப் பகுதிக் கல்லை உடையாமல் எடுத்து, 27 அங்குலத்தில் இறக்கினேன். நறுக்குகிற இடம் 32. சிங்க் பழைய 34-லேயே இருந்தது. அவருக்கு அதுதான் சரியான உயரம், அன்றைக்கு நான் தெரியாமல் சரியாக வைத்த ஒரே இடம் அது. பெட்டிகளின் உயரம் குறைந்ததால் டிராயர் மூன்று, இரண்டானது. அந்த நான்கு நாளும் அவர் ஹாலில் ஒற்றை அடுப்பை வைத்துச் சமாளித்தார். ஐந்தாம் நாள் காலை, இணைப்பில் அடைத்தது இறுகிவிட்டதா என்று பார்க்கப் போனேன். தோசை வார்த்துக்கொண்டிருந்தார். கல்லை மேலிருந்து பார்த்து, மாவை நடுவில் ஊற்றி, முழங்கை உடம்போடு ஒட்டியபடி வட்டமாக இழுத்தார். மணைப்பலகை பழைய இடத்திலேயே, அடுப்புக்கு முன்னால் கிடந்தது. அதைச் சுற்றிக் காலை வைத்து நின்றிருந்தார்.

எனக்கு இரண்டு தோசை வைத்துக் கொடுத்துவிட்டு, சிங்குக்குத் திரும்பும்போது அவர் கால் அதில் இடித்தது.

“இந்தப் பலகையைக் கொண்டுபோய்ச் சாமி ரூம்ல போட்ருங்க தம்பி,” என்றார். “கால்ல இடறுது.”